பழைய விளையாட்டு விலை பெறுமா?

பழமை என்ற ஒன்றே காரணமாக ஒரு பொருளைப் போற்றுதலும், அவ்வொன்றே காரணமாக அதனை இகழ்ந்து தள்ளுதலும் ஆராய்ச்சி நெறியாகா. நூல்களைப் பற்றி எம் ஆசிரியர்கள் வகுப்பில் பலகாலும் வற்புறுத்தும் இவ்வுண்மை, நூலல்லாத பிற பொருள்களுக்கும் பொருந்துமோ என்று ஆராய்தற்குக் கடந்த கோடை விடுமுறையில் எமக்கு ஒரு வாய்ப்பு நேர்ந்தது. அதனை ஈண்டு எடுத்துரைப்பாம்.

எம் ஊர் ஓசூர். எம் பெரியப்பாவின் மகனாராகிய அண்ணன் அங்குள்ள தொழிற்சாலையொன்றில் ஷிப்ட் முறையில் பணியாற்றுபவர். ஒருநாள் இரண்டாம் ஷிப்ட் முடிந்து, கம்பெனி பஸ்ஸில் நள்ளிரவில் வீடு திரும்பிய அவர், உண்ணும்பொழுது எம்மை நோக்கி, “தம்பி, இருபது ஆண்டுக்கு முந்திய கணினி விளையாட்டு ஒன்று இருக்கிறதாம், மோரோவிண்ட் என்று பெயர். என்னோடு வேலை செய்பவர் அதை வெகுவாகப் புகழ்கிறார். அவ்வளவு பழையதைக் காசு கொடுத்து வாங்கலாமா? நீ படித்த பிள்ளை, பார்த்துச் சொல்” என்றார். பன்னிரண்டாம் வகுப்பில் அரசு வழங்கிய விலையில்லா மடிக்கணினியன்றி அவரிடம் வேறு கணினி இல்லை. ஞாயிறு ஒன்றே ஓய்வு நாள். வினா சிறிதாயினும், உழைத்துப் பெற்ற பணமும் ஒரே ஓய்வு நாளும் அதனுள் அடங்கியிருந்தன. ஆதலின் ஆராயாது விடையிறுத்தல் தகாதென்று கருதினோம். கல்லூரி திறந்தபின், விடுதித் தோழர் ஒருவரிடம் அவ்விளையாட்டு இருத்தலை அறிந்து, அவரது கணினியில் பல நாள் மாலை வேளைகளில் ஆடிப் பார்த்தோம்.

இவ்வகை விளையாட்டின் தோற்றத்தை முதற்கண் அறிதல் வேண்டும். 1974-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டினராகிய கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்னும் இருவர் ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற ஆட்டத்தை வெளியிட்டனர். சிலர் ஒன்றாக அமர்ந்து, வீரன், மந்திரவாதி, கள்வன் என ஒவ்வொருவரும் ஒரு வேடம் பூண, ஒருவர் கதையை நடத்துவார். வாள் பட்டதா படவில்லையா என்பது போன்ற ஐயங்கள் எழுமிடத்துப் பகடை உருட்டி முடிவு காண்பர். கதை நடத்துபவரின் இடத்தைப் பின்னர்க் கணினி ஏற்றுக்கொண்டது. விக்கிரமாதித்தன் கதை கேட்டு வளர்ந்த நமக்கு வேதாளமும் மாய நகரமும் புதியனவல்ல. கேட்பவனே கதைக்குள் நடந்து சென்று தன் செயலால் கதையை மாற்றுதலே இங்குப் புதியது.

மோரோவிண்ட், பெதஸ்டா என்னும் நிறுவனத்தார் ‘எல்டர் ஸ்க்ரோல்ஸ்’ வரிசையில் 2002-ஆம் ஆண்டு வெளியிட்ட மூன்றாவது விளையாட்டாகும். அதற்கு முந்தியனவாகிய அரீனா (1994), டாகர்ஃபால் (1996) என்னும் இரண்டும் இப்பொழுது விலையின்றியே கிடைக்கின்றன. மூன்றாவதற்கே விலை உண்டு. அதன் கதை, நடுவில் எரிமலை நிற்க, சாம்பற் புயல் வீசும் வார்டன்ஃபெல் என்ற தீவில் நிகழ்கின்றது. பெயரறியாக் கைதியாகக் கப்பலில் கொணரப்பட்டு, சேடா நீன் என்னும் சிற்றூரில் விடுவிக்கப்படுவதே ஆடுபவனின் முதல் நிலை.

நன்னூலார் ஒரு நூலை மதிப்பிடுதற்குக் குற்றம் பத்தும் அழகு பத்தும் வகுத்தார். அவ்வழியே யாமும் இவ்விளையாட்டைச் சில அளவைகளால் நோக்கினோம்.

முதலாவது, உள்ள கருவியில் அஃது இயங்குமா என்பது. 500 மெகாஹெர்ட்ஸ் வேகமுள்ள செயலியும், 256 எம்.பி. நினைவகமும், 1 ஜி.பி. வட்டிடமும் இருப்பின் போதுமென்று அதனை விற்போர் குறித்துள்ளனர். இவ்வரிசையின் நான்காவது விளையாட்டைப் புதுக்கி 2025-இல் வெளியிட்ட பதிப்போ 100 ஜி.பி.க்கும் மேற்பட்ட இடம் கேட்கின்றது. அண்ணனின் மடிக்கணினி இதற்கு ஆற்றாது. மோரோவிண்டுக்கு அது மிகையாகவே போதும். பழைய ஆட்டம் புதிய கணினிகளில் இடறுமே எனின், அதற்கும் வழியுண்டு. 2008 முதல் தன்னார்வலர் பலர் கூடி ‘ஓப்பன் எம்.டபிள்யூ’ என்ற புதிய இயக்கு நிரலை எழுதி, யாவர்க்கும் இலவசமாக அளித்து வருகின்றனர். விலைக்கு வாங்கிய பழைய கோப்புகளை அதனுடன் இணைத்து ஆடலாம். ஏடு செல்லரிக்குமுன் அதனைப் பெயர்த்தெழுதி நூலைக் காத்த முன்னோர் செயலை இஃது எமக்கு நினைவூட்டியது. ஓலை மாறினும் பாட்டு மாறாதன்றோ!

இரண்டாவது, விலை கொடுத்தபின் நம் கைக்கு வருவது யாது என்பது. ‘ஸ்டீம்’ என்னும் இணையக் கடையில் நாம் பெறுவது பொருளன்று. அதனைப் பயன்படுத்தும் உரிமம் மட்டுமே. 2024 முதல் பணம் செலுத்துமிடத்திலேயே அக்கடை இதனை வெளிப்படையாக அறிவித்து வருகின்றது. ‘ஜி.ஓ.ஜி.’ என்ற மற்றொரு கடையிலோ, நிறுவும் கோப்பையே இறக்கி நம்மிடம் வைத்துக்கொள்ளலாம். பின்னர் இணையமின்றியும் நிறுவலாம். பழம்பொருளை நெடுங்காலம் வைத்திருக்கக் கருதுவோர்க்குப் பின்னதே சிறந்தது. இரண்டிலும் ஆண்டில் சிலமுறை விலை குறையுமாதலின், பொறுத்திருந்து வாங்குதல் அறிவுடைமை.

மூன்றாவதே தலையாய அளவை: புதியவற்றில் இல்லாத எதனை இப்பழையது தருகின்றது? பிற்கால ஆட்டங்களில் செல்ல வேண்டிய இடத்தை ஓர் அம்புக்குறி ஓயாது காட்டிக்கொண்டே இருக்கும்; ஆடுபவன் குறியை நோக்கி நடப்பானேயன்றி நாட்டை நோக்கான். மோரோவிண்டில் அக்குறி இல்லை. வழியைப் பிறர் வாய்மொழியாகக் கேட்டறிதல் வேண்டும். தொடக்கத்தில், பால்மோரா என்னும் நகரத்துக்குச் சென்று காயஸ் கொசேடஸ் என்பவரைக் காணுமாறு பணிக்கப்படுகின்றோம். அவர் இல்லம் எதுவென்று அந்நகர் விடுதியில் உசாவியே தெளிய வேண்டும். பின்வரும் பணிகளிலும், பாலத்தைக் கடந்து வடக்கே திரும்பு, பாறை பிளந்த இடத்தில் மேலே ஏறு என்றாற்போன்ற சொற்களே துணை. அவற்றைக் குறித்துக்கொண்டு, கண்ணால் நிலத்தை அளந்து நடத்தல் வேண்டும்.

இதனைக் கண்டவுடன் எமக்கு மலைபடுகடாம் நினைவிற்கு வந்தது. 583 அடிகளையுடைய அப்பாட்டில், பரிசில் பெற்று மீளும் கூத்தன் ஒருவன், எதிர்ப்பட்ட வறிய கூத்தனுக்கு நன்னனது ஊர்க்குச் செல்லும் வழியைச் சொல்கின்றான். பன்றிக்கு வைத்த பொறி, பாம்பு மறைந்த இடம், யானையை விரட்டத் தினைப்புனங் காப்போர் எறியும் கவண் கல், வழியில் சோறிடுவோர் இல்லம் ஆகிய யாவும் அவன் சொல்லில் அடங்கும். அந்த நன்னனது செங்கண்மாவே, கிருஷ்ணகிரியிலிருந்து ஊத்தங்கரை வழியே திருவண்ணாமலை செல்லும் சாலையில் உள்ள இன்றைய செங்கம் என்பர். ஆற்றுப்படை என்பது முன் சென்றவன் பின் வருபவனுக்குச் செய்யும் உதவி. அமெரிக்க நாட்டு விளையாட்டொன்று அறியாமலே அவ்வுதவியைத் தன் உயிராகக் கொண்டிருத்தல் வியப்பன்றோ?

எம் ஊரிலும் இதன் அருமையை யாம் கண்டதுண்டு. பாகலூர்ச் சாலைப் பக்கம் உறவினர் வீடு தேடிச் சென்றபொழுது, கைப்பேசி வரைபடம் எம்மை ஒரு தொழிற்கூடத்தின் பூட்டிய பின்வாயிலில் நிறுத்தியது. தேநீர்க் கடை அம்மையார் ஒருவர் பாதி தெலுங்கும் பாதி தமிழுமாகச் சொன்ன நான்கு சொற்களே எம்மைக் கரை சேர்த்தன.

மற்றொன்றும் சொல்லற்பாலது. அத்தீவினர் ஆடுபவனை ‘அயலான்’ என்றே அழைப்பர். தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் ஒலிக்க, வடநாட்டிலிருந்தும் கீழ்நாட்டிலிருந்தும் தொழிலாளர் நாள்தோறும் வந்திறங்கும் ஓசூரில் பிறந்தவர்க்கு அச்சொல்லின் கூர்மை நன்கு விளங்கும். மேலும், அத்தீவில் நூற்றுக்கணக்கான நூல்கள் கிடக்கின்றன. ஒரே பழம்போரைப் பற்றி அவை ஒன்றற்கொன்று மாறாகப் பேசுகின்றன. எது மெய்யென்று எவரும் முடித்துக் கூறார். பாடபேதங்களோடு மல்லாடும் தமிழ் மாணவர்க்கு இது நல்ல பயிற்சி. கதைக்கு இன்றியமையாத ஒருவனைக் கொன்றுவிட்டாலும் ஆட்டம் நம்மைத் தடுப்பதில்லை. ஊழின் இழை அறுந்ததென்று அறிவித்து, அழியப்போகும் அவ்வுலகில் வாழவும் விடுகின்றது. செய்த வினைக்குச் செய்தவனே பொறுப்பாதலை இதனினும் தெளிவாக உணர்த்தும் விளையாட்டை யாம் கண்டிலோம்.

இனிக் குற்றங்களைக் கூறுவாம். வாள் எதிரியின் உடலில் பட்டதாகக் கண் காணும். உள்ளே உருளும் மறைமுகப் பகடையோ படவில்லை என்னும். ஓடிக் களைத்தவன் வீசும் வாள் மேலும் பிழைக்கும். இக்காரணம் அறியாதார் சினந்து கைவிடுவர். நடை ஆமை நடை. உருவங்கள் மரத்தில் செதுக்கியவை போலும். வழி சொல்வோர் சில இடங்களில் திசையையே பிழையாகச் சொல்லிவிடுகின்றனர். உரையனைத்தும் ஆங்கிலத்திலேயே உள்ளது. பெரும்பகுதி ஒலியின்றி எழுத்தாக வருதலின், படித்தே தீர வேண்டும். ஸ்டீம் கடையில், வாங்கிய 14 நாட்களுக்குள், 2 மணி நேரத்திற்குக் குறைவாக ஆடியிருப்பின் பணத்தைத் திரும்பப் பெறலாம். ஆயினும் இவ்விளையாட்டின் முதல் இரண்டு மணி நேரமே மிகக் கடினமானது. அதனைக் கொண்டு முழுவதையும் அளத்தல், பாயிரம் படித்து நூலைத் தள்ளுதல் போலாம். நண்பரிடம் சில நாள் ஆடிப் பார்த்தலே தக்க சோதனை.

இவற்றையெல்லாம் சீர்தூக்கி, ஆயுத பூசை விடுமுறையில் அண்ணனிடம் எம் தீர்ப்பை உரைத்தோம். “ஆட்டம் விலை பெறும், ஆனால் உங்களுக்கு அன்று. இது நேரமும் ஆங்கிலப் படிப்பும் பொறுமையும் கேட்பது. வாரமெல்லாம் உழைத்தவர்க்கு ஞாயிறன்று எளிதான பொழுதுபோக்கே ஏற்றது” என்றோம்.

அண்ணன் சிறிது நேரம் பேசவில்லை. பின்பு, “கம்பெனியில் நாள் முழுவதும் திரை காட்டுகிற இடத்தில்தான் கையை வைக்கிறேன் தம்பி. அம்புக்குறி இல்லாத ஆட்டம் என்றாயே, அதுதான் எனக்கு வேண்டும்” என்றார். யாம் நாணினோம். விளையாட்டை அளந்த யாம், ஆடுபவரை அளவாது விட்டோம். தமிழ் பயில்வோர்க்கே அது சுவைக்கும் என்று எண்ணியது கல்விச் செருக்கன்றி வேறன்று.

அடுத்த விலைக்குறைப்பில் அவர் வாங்கினார். இப்பொழுது ஞாயிறுதோறும் இரண்டு மணி நேரம் ஆடுகின்றார், அதற்குமேல் ஆடுவதில்லை. அருகில் நாற்பது பக்க நோட்டு ஒன்றும், எம் பழைய ஆங்கில அகராதியும் உள்ளன. நோட்டில் வழிக்குறிப்புகளைத் தமிழில் எழுதி, ஆறும் பாலமும் கையால் வரைந்திருக்கின்றார். பிழையாகச் சொல்லப்பட்ட திசையைத் திருத்தி, ஓரத்தில் ‘இவன் சொல்வதை நம்பாதே’ என்றும் குறித்துள்ளார். சென்ற முறை யாம் ஊர் சென்றபொழுது, “நீ ஆடும்போது உதவும், எடுத்துக்கொள்” என்று அதன் முதல் சில பக்கங்களை எமக்குப் படியெடுத்துத் தந்தார்.

ஆகவே, ஒரு பழைய விளையாட்டு விலை பெறுமா என்று வினவும் நண்பர்கள், அதன் ஆண்டையும் விலையையும் மட்டும் நோக்கற்க. கருவி பொருந்துமா, வாங்கியது கையில் நிற்குமா, புதியது தராத ஒன்றைத் தருமா, ஆடுபவர்க்கு அவ்வொன்று வேண்டுமா என்னும் நான்கையும் நோக்குக. முதல் மூன்றையும் ஆராய்ச்சியால் அறியலாம். நான்காவதை வாங்குபவரிடமே கேட்டறிதல் வேண்டும்.