போன் இருக்கு, கவரேஜ் இல்ல! – லயத்தில் சிக்னல் பிடிக்கும் வழிகள்



இரக்குவானை தொடக்கம் தெரணியகலை வரை எந்த லயத்துக்குப் போனாலும் கேட்கிற பேச்சு ஒன்று உண்டு: "போன் இருக்கு, ஆனா கவரேஜ் இல்ல." கொழும்பில் வேலை செய்யும் மகனோடு பேச மட்டுமா போன் தேவை? ராத்திரி நேரத்தில் பிரசவ வலி எடுத்தால் 1990 சுவசெரிய அம்புலன்சை அழைக்கவும், அடைமழையில் மண்சரிவு எச்சரிக்கை வந்து சேரவும் அதே போன்தான் வேண்டும். ஆகவே இந்தப் பாடத்தை வீட்டில் எல்லோரும் கூடி வாசியுங்கள்.

ஏன் கவரேஜ் கிடைப்பதில்லை?

கோபுரத்திலிருந்து போனுக்கு வருவது வானொலி அலை. அதை டோர்ச் வெளிச்சம் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். நேரே பார்க்கும் இடத்துக்கு நன்றாக வரும்; மலைக்குப் பின்னால் இருட்டு. சப்ரகமுவவில் நம்முடைய லயங்கள் அதிகமாகப் பள்ளத்திலும் மலைச்சரிவிலும் இருக்கின்றன. கோபுரம் அடுத்த மலையில் இருந்தாலும் நடுவில் ஒரு முகடு இருந்தால் அலை தடைப்படும்.

இரண்டாவது காரணம் நம்ம தலைக்கு மேலேயே இருக்கிறது. தகரக் கூரை அலையைத் திருப்பி அடித்துவிடும். காம்பராவுக்குள் ஒரு கோடும் காட்டாத போன் வாசலுக்கு வந்ததும் இரண்டு கோடு காட்டுவது இதனால்தான். ரப்பர் மரமும் காடும் அடர்ந்த இடத்தில் ஈர இலைகள் அலையில் ஒரு பகுதியை உறிஞ்சிக்கொள்ளும். போனை இறுக்கிப் பிடிக்கும் கையும்கூட கொஞ்சம் தடுக்கும்.

காசு செலவில்லாத வழிகள்

1. இடம் தேடுங்கள். கோபுரம் எந்தப் பக்கம் என்று அறிந்து, அந்தப் பக்கத்து வாசலிலோ ஜன்னலிலோ நின்று பாருங்கள். நாலைந்து அடி தள்ளி நின்றாலே வித்தியாசம் தெரியும்.

2. போனை 'பிளைட் மோட்'டில் போட்டு, அரை நிமிடம் கழித்து எடுங்கள். அது புதிதாகக் கோபுரம் தேடும்.

3. 4ஜி பலவீனமாக இருந்து பேச்சு அறுந்து அறுந்து போனால், செட்டிங்கில் 2ஜிக்கு மாற்றிப் பேசிப் பாருங்கள். பேசி முடிந்ததும் திரும்ப மாற்றிவிடுங்கள்.

4. பேச முடியாத இடத்தில் எஸ்.எம்.எஸ். அனுப்புங்கள். ஒரு நொடி சிக்னல் கிடைத்தாலும் அது போய்விடும்.

5. வீட்டில் இரண்டு போன் இருந்தால், ஒன்றைப் பொலித்தீன் பையில் போட்டு, சிக்னல் உள்ள உயரமான ஜன்னலிலோ கம்பிலோ கட்டி, 'ஹொட்ஸ்பொட்' போடுங்கள். இருபது, முப்பது அடிக்குள் மற்றப் போனில் வாட்ஸ்அப் எடுக்கலாம். ஆனால் 1990க்கு இப்படி அழைக்க முடியாது. சிக்னல் உள்ள இடத்துக்குப் போய்த்தான் அழைக்க வேண்டும்.

6. டயலொக், மொபிடெல், ஹட்ச் இவற்றில் எது உங்கள் டிவிசனில் நன்றாகப் பிடிக்கிறது என்று அயல்வீட்டாரிடம் கேட்டு, அதன்பின் சிம் வாங்குங்கள்.

கவரேஜ் இல்லாத இடத்தில் போன் கோபுரத்தைத் தேடித் தேடியே பட்டரியைத் தின்றுவிடும். மலைக்கு வேலைக்குப் போகும்போதும், சிவனொளிபாத மலைக்கு ஏறும்போதும் தேவையில்லாத நேரம் 'பிளைட் மோட்'டில் வைத்தால் அவசரத்துக்குச் சார்ஜ் மிஞ்சும்.

ஏமாற வேண்டாம்

போன் முதுகில் ஒட்டும் 'சிக்னல் ஸ்டிக்கர்' வெறும் கடதாசி. காசு கரியாகும். சிலர் 'பூஸ்டர்' பெட்டி விற்பார்கள். தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதியில்லாமல் அதைப் பூட்டுவது சட்டப்படி குற்றம். கோபுரத்தையே குழப்பி அயலவர்களின் பேச்சையும் கெடுத்துவிடும். பிள்ளைகளின் படிப்புக்கு 4ஜி ரவுட்டர் வாங்குவோர், வெளியே அன்டெனா பூட்டக்கூடிய வகையைக் கேட்டு வாங்குங்கள். வயர் நீளம் குறைந்தால் சிக்னல் வீண்போவதும் குறையும். இடி மின்னல் தொடங்கும் முன்பே அன்டெனாவையும் பிளக்கையும் கழற்றிவிடுங்கள்.

உயிரைப் பணயம் வைக்க வேண்டாம்

2021 இல் கொரோனாவால் பாடசாலைகள் மூடியிருந்தபோது, பொஹிட்டியாவ கிராமத்துப் பிள்ளைகள் 3 கிலோமீற்றருக்கு மேல் காட்டுவழி நடந்து, பாறை மேல் ஏறித்தான் பாடம் எடுத்தார்கள். லுணுகலையில் மலைக்காட்டு மரவீட்டில் இருந்து படித்தார்கள். அந்த ஆர்வத்தை மதிக்க வேண்டும். என்றாலும் மழை நேரம் வழுக்குப் பாறையிலும், மரத்திலும், தண்ணீர்த் தாங்கியிலும் பிள்ளைகளை ஏறவிட வேண்டாம். இடி கேட்டால் உயரத்தில் நிற்கவே கூடாது.

அடைமழையில் போனை நம்பி இருக்கலாமா?

2016 மே 17ஆந் திகதி அரநாயக்கவில் சாமசர மலை சரிந்து மூன்று கிராமங்கள் புதையுண்டன. அதே நாளில் புளத்கொஹுபிட்டிய களுபஹன தோட்டத்தில் லயத்தின் மேல் மண் விழுந்தது. கரண்ட் போனால் கோபுரமும் பட்டரி இருக்கும்வரைதான் வேலை செய்யும். ஆகவே 'செய்தி வரட்டும், பார்ப்போம்' என்று உட்கார்ந்திருக்காதீர்கள்.

மழையை நீங்களே அளக்கலாம். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் கணக்கு இது: 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை என்றால் விழிப்பு, 100 என்றால் வெளியேறத் தயார், 150 என்றால் உடனே வெளியேற வேண்டும். ஒரு மணித்தியாலத்தில் 75 பெய்தாலும் உடனே வெளியேற வேண்டும். வாய் அகலமான, பக்கம் நேரான போத்தலைத் திறந்த வெளியில் வைத்து, அடிமட்டத்தால் அளந்தால் போதும். நிலத்தில் வெடிப்பு, சாய்ந்த மரம், திடீரென்று கலங்கி வரும் ஊற்று இவற்றைக் கண்டால் அளவு பார்க்கவும் நிற்க வேண்டாம். பட்டரி ரேடியோ ஒன்றும் வீட்டில் இருக்கட்டும்.

இந்தக் கிழமை செய்ய வேண்டியவை

• உங்கள் லயத்துக்குக் கிட்ட, ராத்திரியிலும் பயமில்லாமல் போகக்கூடிய சிக்னல் இடம் எது? பகலில் தேடிக் கண்டுபிடித்து, சின்னப் பிள்ளைக்கும் பாட்டிக்கும் காட்டி வையுங்கள்.

• 1990 (அம்புலன்ஸ்), 117 (அனர்த்த முகாமைத்துவ நிலையம்), 119 (பொலிஸ்), தோட்ட மருத்துவிச்சி, லொறி டிரைவர் இவர்களின் இலக்கங்களைச் சுவரில் பெரிதாக எழுதுங்கள்.

• அம்புலன்சை அழைத்தால் சொல்ல வேண்டியதைப் பழகுங்கள்: மாவட்டம், கிட்டிய டவுன், தோட்டம், டிவிசன், வாகனம் வந்து நிற்கக்கூடிய இடம். கவரேஜ் அறுவதற்கு முன் இவ்வளவும் சொல்லி முடிய வேண்டும்.

• கர்ப்பிணித் தாய்மார், முதியோர் உள்ள வீட்டுக்கு ராத்திரியில் போன் எடுத்துக்கொண்டு ஓடப்போவது யார்? லயத்தில் கூடிப் பேசி இருவரை இப்போதே தெரிவு செய்யுங்கள்.