ஆணா, பெண்ணா? கூட்டுப்புழுவின் குறி அறிவோம்

நம் காஞ்சி மாநகரில் தறிச் சத்தம் கேட்டு வளர்ந்தவர்கள் நம்மில் பலர். பாவு, ஊடை, கோர்வை என்னும் சொற்கள் நமக்குப் பாடப்புத்தகத்திற்கு முன்பே பழக்கம். ஆயினும் அந்த இழையைத் தரும் புழுவை நாம் அதிகம் அறியோம். புழு வளர்ப்பு நம் ஊர்த் தொழில் அன்று. பட்டு நூலின் பெரும்பகுதி கர்நாடகத்திலிருந்து வருகிறது. தமிழ்நாட்டில் கிருஷ்ணகிரி, தருமபுரி முதலிய மாவட்டங்களில் மல்பெரி பயிரிட்டுப் புழு வளர்க்கிறார்கள்.

உழவருக்கு முட்டை தரும் இடம் வித்தகம். அங்கு ஆண், பெண் பிரித்தறிவதே முதல் வேலை. இது ஏன்? இரு வேறு இனங்கள் கலந்து பிறக்கும் புழுக்கள் நன்கு வளர்ந்து அதிகப் பட்டுத் தரும். ஜப்பானிய அறிஞர் தொயாமா 1906-ஆம் ஆண்டிலேயே இம்முறையை வலியுறுத்தினார். நம் பகுதியில் மைசூர் இனப் பெண்ணை, வெண்கூடு கட்டும் இனத்து ஆணுடன் சேர்க்கிறார்கள். பிரிப்பதில் தவறினால் ஒரே இனத்துப் பூச்சிகள் தமக்குள் கூடிவிடும். முட்டை கிடைக்கும், கலப்பின வலிமை கிடைக்காது. நட்டம் உழவர் வீட்டைச் சேரும்.

முதிர்ச்சியை அறிதல்

புழு நான்கு முறை தோலுரித்து ஐந்தாம் பருவம் அடைகிறது. முதிர்ந்ததும் இலை தின்பதை நிறுத்தும். உடல் ஒளி ஊடுருவுவது போல் தெளியும். தலையைத் தூக்கி இடம் தேடும். அப்போது அதைச் சந்திரிகை என்னும் மூங்கில் தட்டில் விடுவார்கள். இரண்டு மூன்று நாளில் கூடு கட்டி முடித்து, உள்ளே கூட்டுப்புழுவாக மாறும். புதிய கூட்டுப்புழுவின் தோல் மென்மையானது, தொட்டால் காயப்படும். தோல் இறுகிப் பழுப்பு நிறமான பின்னரே கூட்டை வெட்டி எடுக்க வேண்டும்.

பாலை அறிதல்

அடிவயிற்றின் வால் பக்கத்தைப் பாருங்கள். எட்டாம் கண்டத்தின் நடுவே மெல்லிய நெடுங்கோடு இருந்தால் அது பெண். ஒன்பதாம் கண்டத்தில் சிறு புள்ளி இருந்தால் அது ஆண். பெண் பொதுவாகப் பருமனாகவும் கனமாகவும் இருக்கும். எனினும் எடையை மட்டும் நம்பலாகாது. அறிவியல் மன்றத்தில் நாங்கள் உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தபோது கோடும் புள்ளியும் தெளிவாகத் தெரிந்தன. வித்தகப் பணியாளர்களோ வெறுங்கண்ணால் விரைந்து பிரிக்கிறார்கள்.

பூச்சி வெளிவருமுன் இவ்வேலை முடிய வேண்டும். வெளிவந்த சிறிது நேரத்திலேயே அது துணையைத் தேடும். பெண் பூச்சி பெருத்த வயிற்றுடன் அமைதியாக இருக்கும். ஆண் சிறகடித்துச் சுற்றும். பெண் வெளியிடும் மணமே ஆணை அழைக்கிறது. அம்மணப் பொருளை 1959-இல் ஜெர்மன் அறிஞர் புட்டநாண்ட் கண்டறிந்தார். முட்டையிட்ட தாய்ப்பூச்சியை நசுக்கி, பெப்ரின் நோய் உள்ளதா என்று நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். இது லூயி பாஸ்டர் வகுத்த முறை. நோய் இருந்தால் அத்தாயின் முட்டைகள் அனைத்தும் அழிக்கப்படும்.

யார் தீர்மானிப்பது?

பட்டுப்பூச்சியில் பெண்ணுக்கே இரு வேறு பால் நிறமூர்த்தங்கள் உண்டு; ஆணுக்கு இரண்டும் ஒன்றே. ஆகவே பிறப்பது ஆணா பெண்ணா என்பது தாயின் முட்டையைப் பொறுத்தது. மனிதரில் இது நேர்மாறு. தாயிடமிருந்து எக்ஸ் மட்டுமே வரும். தந்தையிடமிருந்து எக்ஸ் வந்தால் பெண், ஒய் வந்தால் ஆண். எது வரும் என்பது தந்தையின் கையிலும் இல்லை. அப்படியிருக்கப் பெண் குழந்தை பிறந்தது என்று தாயைப் பழிப்பது எவ்வளவு பெரிய அறியாமை!

தோழியரே, இனி எந்த வீட்டிலாவது அந்தப் பழிச்சொல் கேட்டால் நாம் மௌனமாக இருக்க வேண்டாம். படித்ததைப் பணிவுடன் எடுத்துச் சொல்வோம்.