நகைப்புக்குரியதன்று நடுக்கம்

சென்ற ஆடி மாதத்தில் எங்கள் வகுப்பில் ஒரு நிகழ்ச்சி நடந்தது. அறிவியல் கண்காட்சிக்காக ஒருத்தி தன் ஊர்க் குளத்திலிருந்து காய்ந்த தாமரைப் பொகுட்டு ஒன்றைக் கொண்டு வந்திருந்தாள். தாமரையின் இதழ்கள் உதிர்ந்த பின் காம்பின் நுனியில் எஞ்சி நிற்கும் பகுதியே பொகுட்டு. சல்லடையைப் போல அதில் வட்ட வட்டமாகத் துளைகள் இருக்கும். துளைதோறும் ஒரு விதை இருக்கும். நாங்கள் அனைவரும் அதைக் கையில் வாங்கிப் பார்த்து மகிழ்ந்தோம். எங்கள் தோழி ஒருத்தி மட்டும் அதைக் கண்டதும் முகம் வெளுத்து, கை நடுங்கி, வகுப்பை விட்டே ஓடிவிட்டாள்.

"ஏண்டி, தாமரைக் காய்க்குப் போயா இப்படி ஓடுறா!" என்று நாங்கள் சிரித்தோம். சிரித்ததோடு நின்றிருந்தால் எங்கள் குற்றம் சிறியது. மறுநாள் அவளுடைய சாப்பாட்டுப் பைக்குள் அந்தப் பொகுட்டை ஒளித்து வைத்தோம். அன்று அழுதுகொண்டு வீட்டிற்குப் போனவள் ஆறு நாட்கள் பள்ளிக்கு வரவில்லை.

எங்கள் வகுப்பாசிரியையான சிஸ்டர் எங்களை அடிக்கவுமில்லை, திட்டவுமில்லை. "அவள் ஏன் பயந்தாள் என்று படித்துத் தெரிந்துகொண்டு வாருங்கள். அதன் பிறகும் சிரிப்பு வந்தால் சிரியுங்கள்" என்றார். அவ்வாறு நாங்கள் நூலகத்திலும் ஆசிரியைகளிடமும் தேடித் தெரிந்துகொண்டவற்றையே இங்கு எழுதுகிறோம்.

தொல்காப்பியரும் காந்தியடிகளும்

அச்சத்தைப் பற்றி நம் தமிழ் முன்னோர் நன்கு சிந்தித்திருக்கின்றனர். தொல்காப்பியப் பொருளதிகாரத்தில் மெய்ப்பாட்டியல் என்றோர் இயல் உண்டு. உள்ளத்து உணர்ச்சி உடலில் வெளிப்படுவதே மெய்ப்பாடு. அவ்வகை மெய்ப்பாடுகள் எட்டில் அச்சமும் ஒன்று. அது பிறக்கும் இடங்கள் நான்கு என்கிறார் தொல்காப்பியர். அவை அணங்கு, விலங்கு, கள்வர், தம் அரசன் என்பன.

இதைப் படித்தபோது காந்தியடிகளின் சுயசரிதை எங்கள் நினைவிற்கு வந்தது. சிறு வயதில் திருடருக்கும் பேய்க்கும் பாம்புக்கும் தாம் அஞ்சியதாக அவர் ஒளிக்காமல் எழுதியுள்ளார். இருட்டில் வெளியே செல்லத் துணிய மாட்டாராம். விளக்கில்லாமல் உறங்க மாட்டாராம். கஸ்தூரிபாவுக்கு இந்த அச்சங்கள் இல்லாததைக் கண்டு அவர் வெட்கப்பட்டிருக்கிறார். தொல்காப்பியர் கூறிய நான்கில் மூன்று அச்சங்கள் அப்படியே அவரிடம் இருந்தன! நான்காவதான அரசன்பால் கொள்ளும் அச்சத்தையோ, பிற்காலத்தில் நாட்டு மக்கள் அனைவரிடமிருந்தும் போக்கியவர் அவரே. சிறு வயதில் அஞ்சியவர் பின்னாளில் அஞ்சாதவராக முடியும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமோ?

அச்சமும் அச்சநோயும்

அச்சம் இறைவன் நமக்கு அளித்த காவலாளி. சாலையில் லாரி விரைந்து வரும்போது நாம் யோசிக்காமலேயே பின்வாங்குகிறோம். மூளையின் உட்பகுதியில் பாதாம்பருப்பு வடிவில் அமைந்துள்ள 'அமிக்டலா' என்னும் பகுதி அபாய மணி அடிக்கிறது. உடனே அட்ரினலின் சுரக்கிறது, நெஞ்சு படபடக்கிறது, ஓடுவதற்குக் கால்கள் ஆயத்தமாகின்றன.

அபாயம் இல்லாத இடத்திலும் அதே மணி உரக்க அடித்து, அதனால் படிப்பும் வேலையும் கெடுமானால் அதை 'ஃபோபியா' என்கின்றனர். கிரேக்கப் புராணத்தில் அச்சத்தின் தெய்வமாகிய ஃபோபோஸ் என்பவன் பெயரிலிருந்து பிறந்த சொல் இது. செவ்வாய்க் கோளின் துணைக்கோள்கள் இரண்டில் ஒன்றுக்கும் இப்பெயரையே சூட்டியுள்ளனர்.

இந்நோய் உள்ளவருக்கு, "இதில் ஆபத்தில்லை" என்று சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. பெரும்பாலும் அது அவருக்கே தெரியும். தெரிந்தும் உடல் கேட்பதில்லை. அதுவே அவருடைய துன்பம்.

விந்தையான அச்சங்கள்

உயரம், இருட்டு, பாம்பு ஆகியவற்றுக்கு அஞ்சுவோரை நாம் அறிவோம். சட்டைப் பொத்தானுக்கு அஞ்சுவோரும், ஊதிய பலூனுக்கு அஞ்சுவோரும் உலகில் உண்டு. மேனாட்டில் 13 என்ற எண்ணுக்கு அஞ்சுவோர் உண்டு. 13-ஆம் மாடி என்ற பெயரே இல்லாத கட்டடங்கள் அங்கு இருக்கின்றன. நம் ஊரில் எட்டாம் எண்ணைத் தவிர்ப்பவர்களை எண்ணிப் பார்த்தால் நாம் அவர்களை நகைக்க இயலாது.

டைனமைட் என்னும் வெடிபொருளைக் கண்டுபிடித்த ஆல்ஃபிரட் நோபலுக்கு உயிரோடு புதைக்கப்பட்டு விடுவோமோ என்ற அச்சம் இருந்தது. பரிசுகளை நிறுவிய தமது 1895-ஆம் ஆண்டு உயிலிலேயே, தாம் இறந்தபின் இரத்த நாளங்களைத் திறந்து, மருத்துவர்கள் மரணத்தை உறுதி செய்த பிறகே உடலை எரிக்க வேண்டும் என்று எழுதி வைத்தார். அறிவிற் சிறந்தோரையும் அச்சம் விட்டு வைப்பதில்லை.

எங்கள் தோழியின் அச்சத்திற்கும் ஒரு பெயர் உண்டு என்று அறிந்தபோது நாங்கள் வியப்படைந்தோம். நெருக்கமான துளைகளைக் கண்டு உண்டாகும் இவ்வுணர்வை 'டிரைபோஃபோபியா' என்கின்றனர். இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜெஃப் கோல், அர்னால்டு வில்கின்ஸ் ஆகிய இருவரும் 2013-இல் இதைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டனர். இதற்கு உதாரணமாகப் பலரும் காட்டுவது தாமரைப் பொகுட்டையேதான்! நச்சுள்ள சில உயிரினங்களின் மேலுள்ள புள்ளிகளை இத்துளைகள் ஒத்திருப்பதால் மூளை எச்சரிக்கை செய்கிறது என்பது அவர்கள் கருத்து. வேறு சிலர், அம்மை போன்ற தோல் நோய்களின் கொப்புளங்களை இவை நினைவூட்டுவதால் அருவருப்பு உண்டாகிறது என்கின்றனர். பெரியம்மை உலகை விட்டு ஒழிந்ததென்று 1980-இல் அறிவிக்கப்பட்டது. அதற்கு முன் எத்தனையோ தலைமுறையினர் அந்நோயைக் கண்டு அஞ்சி வாழ்ந்தனர். அந்த அச்சத்தின் நிழல் ஒருவேளை இன்னும் நம்முள் இருக்கலாம் அல்லவா?

அச்சம் எங்கிருந்து வருகிறது?

அமெரிக்காவில் ஜான் வாட்சன் என்ற உளவியலறிஞரும் ரோசலி ரேனர் என்பவரும் 1920-இல் ஒரு சோதனையை வெளியிட்டனர். ஆல்பர்ட் என்று அவர்கள் அழைத்த ஒரு கைக்குழந்தை வெள்ளெலிக்கு அஞ்சாமல் இருந்தது. குழந்தை எலியைத் தொடும்போதெல்லாம் அதன் பின்னால் இரும்புத் தண்டைச் சுத்தியலால் ஓங்கி அடித்தனர். சில முறைகளில் குழந்தை எலியைக் கண்டாலே அழலாயிற்று. முயலையும் நாயையும் கண்டும் அழுதது. அந்த அச்சத்தைப் போக்காமலேயே விட்டுவிட்டனர் என்பது வருந்தத்தக்கது. இன்று இப்படி ஒரு சோதனை செய்ய எவரும் அனுமதிக்க மாட்டார்கள்.

பிறரைப் பார்த்தும் அச்சம் வரும். ஆய்வகத்தில் வளர்ந்து, பாம்புக்கு அஞ்சாமலிருந்த குரங்குகள், காட்டில் வளர்ந்த குரங்குகள் பாம்பைக் கண்டு நடுங்குவதைப் பார்த்ததும் தாமும் அஞ்சத் தொடங்கின. சூசன் மினேக்காவும் அவருடைய குழுவினரும் 1980-களில் இதைக் கண்டறிந்தனர். சுவரில் பல்லியைக் கண்டு அம்மா அலறினால், இடுப்பில் இருக்கும் தம்பி அன்றே பாடம் கற்றுக்கொள்கிறான். பெற்றோர் இதை மனத்திற் கொள்ள வேண்டுகிறோம்.

வந்த அச்சத்தை வளர்ப்பது எது? விலகி ஓடுதல்தான். நம் மலைக்கோட்டையில் பாதிப் படி ஏறியதும் தலை சுற்றுவதாக இறங்கிவிடும் ஒருத்தியை எண்ணிப் பாருங்கள். இறங்கியதும் அவளுக்கு நிம்மதி உண்டாகிறது. "இறங்கியதால் பிழைத்தாய்" என்று மூளை தவறாகக் கற்றுக்கொள்கிறது. அடுத்த முறை முதற்படியிலேயே கால் நடுங்குகிறது.

அச்சம் நீங்கும் வழி

அப்படியானால் அவளைப் பிடித்து உச்சிக்கு இழுத்துச் செல்லலாமா? கூடாது. நாங்கள் பையில் பொகுட்டை வைத்தது அத்தகைய செயலே. முதல் நாள் பத்துப் படி, நெஞ்சு அமைதியடையும் வரை அங்கேயே நிற்றல், மறுநாள் இருபது படி என்று அவள் சம்மதத்தோடு ஏற வேண்டும்.

இம்முறைக்கு வழிகாட்டியவர் மேரி கவர் ஜோன்ஸ் என்ற பெண்மணி. முயலுக்கு அஞ்சிய பீட்டர் என்ற மூன்று வயதுச் சிறுவனைப் பற்றி அவர் 1924-இல் எழுதினார். பீட்டர் தனக்குப் பிடித்த தின்பண்டத்தை உண்ணும்போது முயலைத் தூரத்தில் கொண்டுவந்து வைத்தனர். பிறகு சிறிது சிறிதாக அருகே கொண்டுவந்தனர். முயலுக்கு அஞ்சாத மூன்று பிள்ளைகளையும் அவனோடு விளையாட விட்டனர். முடிவில் அவன் முயலைத் தன் கையால் தடவிக் கொடுத்தான். அந்த மூன்று பிள்ளைகளைப் பற்றிப் படித்தபோதுதான் எங்களுக்கு உறைத்தது. எங்கள் தோழிக்கு நாங்கள் அந்தப் பிள்ளைகளாக இருந்திருக்க வேண்டும்.

ஊசிக்கு அஞ்சுவோருக்கு வழி சற்று வேறு. மற்ற அச்சங்களில் இரத்த அழுத்தம் ஏறும். ஊசியையும் இரத்தத்தையும் கண்டு அஞ்சுவோர் சிலருக்கு அது ஏறியபின் சட்டென்று இறங்கும். அதனால்தான் மயக்கம் வருகிறது. சுவீடன் நாட்டு உளவியலாளர் லார்ஸ்-கோரன் ஓஸ்ட் இதற்கு ஓர் எளிய பயிற்சி வகுத்தார். கை, கால், வயிற்றுத் தசைகளைப் பத்துப் பதினைந்து விநாடிகள் இறுக்கி, பிறகு தளர்த்த வேண்டும். இப்படி ஐந்து முறை செய்தால் அழுத்தம் இறங்காமல் நிற்கும். ஊசி போடும் கையை மட்டும் தளர்வாக வைத்துக்கொள்ள வேண்டும். ரணஜன்னி, தொண்டை அடைப்பான் தடுப்பூசி 10 வயதிலும் 16 வயதிலும் போடப்படுவதால் இது நமக்கெல்லாம் பயன்படும்.

அச்சத்தை நேருக்கு நேர் நோக்கிய ஒரு மாணவரும் நம் பகுதியில் இருந்தார். அவர் திண்டுக்கல்லில் சில காலம் படித்துவிட்டு மதுரை அமெரிக்கன் மிஷன் பள்ளிக்குச் சென்ற வேங்கடராமன். 1896-ஆம் ஆண்டு ஜூலை மாதம், சிற்றப்பாவின் வீட்டில் தனியே இருந்தபோது, நோய் ஏதுமில்லாத அந்தப் பதினாறு வயதுப் பையனைத் திடீரென்று மரண பயம் பற்றிக்கொண்டது. அவர் ஓடவில்லை, யாரையும் அழைக்கவுமில்லை. பிணம் போல விறைத்துப் படுத்து, "சாவது எது?" என்று தம்முள் ஆராய்ந்தார். அத்துடன் அந்த அச்சம் தம்மை விட்டு அடியோடு அகன்றதென்று பிற்காலத்தில் கூறினார். அவரே திருவண்ணாமலை இரமண மகரிஷி. அதை நோய் என்று நாங்கள் கூறவில்லை. தனியே அதைச் செய்ய எல்லாராலும் முடியும் என்றும் கூறவில்லை. நம்மில் பலருக்கு ஒரு கை துணை வேண்டும்.

புனித பேதுரு கடல்மேல் நடந்தபோது காற்றைக் கண்டு அஞ்சி மூழ்கத் தொடங்கினார். ஆண்டவர் முதலில் கையை நீட்டி அவரைப் பிடித்துக்கொண்டார். அதன் பிறகே அவருடைய விசுவாசக் குறைவைச் சொன்னார். முதலில் கை, பிறகுதான் சொல். நாங்கள் அதை மறந்திருந்தோம்.

எங்கள் தோழி

ஏழாம் நாள் மாலை நாங்கள் சிஸ்டருடன் அவள் வீட்டிற்குச் சென்று மன்னிப்புக் கேட்டோம். அவளுடைய பெற்றோர் அவளை மனநல மருத்துவரிடம் அழைத்துச் சென்றனர். அது வெட்கப்படத்தக்க செயலன்று. கண் மங்கினால் கண் மருத்துவரிடம் செல்வதைப் போன்றதே. 'டெலி மானஸ்' என்னும் அரசுத் தொலைபேசிச் சேவையின் 14416 என்ற எண்ணிலும் இலவசமாக ஆலோசனை பெறலாம்.

மருத்துவர் சொன்னபடி அவள் முதலில் தாளில் ஒரு வட்டம் வரைந்தாள். பிறகு மூன்று, பிறகு பத்து வட்டங்கள். இப்போது பொகுட்டின் கோட்டோவியத்தை எங்கள் நடுவே அமர்ந்து பார்க்கிறாள். கை இன்னும் சற்று நடுங்குகிறது. நாங்கள் சிரிப்பதில்லை.

அந்தப் பொகுட்டைச் செய்தித்தாளில் சுற்றி ஆய்வகப் பெட்டியில் வைத்து, நல்ல திண்டுக்கல் பூட்டாகப் போட்டுப் பூட்டியிருக்கிறோம். சாவி அவளிடம் இருக்கிறது. எப்போது திறப்பது என்பதை அவளே முடிவு செய்வாள்.