நம் தெருவுக்கு வரும் பணமும் நம் சொல்லும்

படிப்பு வட்டப் பாடம்

நம் சங்கத்தின் மகாசபை கூடும் நாளில் ஆண்டறிக்கையும் வரவு செலவுத் திட்டமும் வாசிக்கப்படுகின்றன. நூல் வாங்கிய விலை என்ன, உரம் விற்ற வகையில் நிலுவை எவ்வளவு, பங்காதாயம் எத்தனை விழுக்காடு என்று கடைசி வரிசையில் அமர்ந்துள்ள அங்கத்தினரும் எழுந்து வினவுகின்றார். வினவுவது அவருடைய உரிமை. விடை பகர்வது நிர்வாகக் குழுவின் கடமை. இதனை நாம் எவரிடமும் கற்கவில்லை. சங்கமே நமக்குக் கற்பித்தது.

ஆயின் இதே அங்கத்தினர், தம் வீட்டு வாசலில் சாலைக்குக் கல் கொட்டப்படும் போதும், அடுத்த தெருவில் குடியிருப்புக்குக் கடைக்கால் தோண்டப்படும் போதும் வாளாவிருக்கின்றார். அப்பணம் எங்கிருந்து வந்தது, எதற்கென வந்தது, யாரைக் கேட்டு இடம் குறித்தனர் என்று அவர் வினவுவதில்லை. சங்கத்தின் பணம் தம் பணம் என்று உணர்ந்தவர், ஊருக்கு வரும் பணமும் தம் பணமே என்று இன்னும் உணரவில்லை. அவ்வுணர்வை வளர்ப்பதே இப்பாடத்தின் நோக்கமாகும்.

1. கனகசெட்டிக்குளத்தை எடுத்துக்கொள்வோம்

புதுவைக்கு வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையில், காலாப்பட்டுப் பகுதியின் வடகோடியில் அமைந்தது கனகசெட்டிக்குளம். புதுவை நகரிலிருந்து அங்குச் செல்வோர் இடையில் தமிழ்நாட்டு மண்ணைக் கடந்தே செல்ல வேண்டும். பிரெஞ்சு ஆட்சியில் வகுத்த எல்லைகள் அவ்வாறு அமைந்துவிட்டன. ஒருபுறம் கடல், மறுபுறம் நெடுஞ்சாலை, சுற்றிலும் அயல் மாநில எல்லை என்ற நிலையில் உள்ள ஊர் அது.

இத்தகைய ஓர ஊருக்கு நகரத் திட்டங்களில் என்ன இடம் கிடைக்கும்? 2017 ஜூன் மாதத்தில் புதுவை, மத்திய அரசினரின் சீர்மிகு நகரத் திட்டத்திற்குத் தேர்வு பெற்றது. அத்திட்டத்திற்கு விண்ணப்பித்த நகரம் எதுவாயினும், முன்னதாகக் குடிமக்களின் கருத்தைக் கேட்டறிய வேண்டும் என்பது விதியாக இருந்தது. பகுதிவாரி வளர்ச்சிக்கெனத் தேர்ந்தெடுக்கப்பட்டது பழைய நகரைச் சார்ந்த பகுதியே. அது தவறென்று நாம் கூறவில்லை. பழைய நகருக்கும் தேவைகள் உண்டு. நாம் கவனிக்க வேண்டியது ஒன்றே. கருத்துக் கேட்கும் காலத்தில் எவ்வூரின் குரல் கேட்கவில்லையோ, அவ்வூர் வரைபடத்தின் ஓரத்திலேயே நின்றுவிடும்.

2. கேட்கும் உரிமை வந்த வழி

புதுவையில் நகராட்சி முறை புதியதன்று. 1880 மார்ச் 12ஆம் நாள் பிறப்பித்த ஆணையின் வாயிலாகப் பிரெஞ்சு அரசினர் இங்குக் கொம்யூன்களை ஏற்படுத்தினர். 1954 நவம்பர் 1ஆம் நாள் ஆட்சி மாறியது. 1962 ஆகஸ்டு 16ஆம் நாள் அது சட்டப்படி முழுமையுற்றது. 1973இல் நகராட்சிகளுக்கும், கிராமக் கொம்யூன் பஞ்சாயத்துகளுக்கும் தனித்தனிச் சட்டங்கள் இயற்றப்பட்டன.

1993இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 73ஆம், 74ஆம் திருத்தங்கள் ஊராட்சிகளையும் நகராட்சிகளையும் உறுதிப்படுத்தின. நகரமைப்பு, குடிசைப் பகுதி மேம்பாடு, வறுமை ஒழிப்பு முதலிய 18 பொருள்கள் நகராட்சிக்குரியனவாகப் பட்டியலிடப்பட்டன. 3 லட்சமும் அதற்கு மேலும் மக்கள் வாழும் நகராட்சியில் வார்டுக் குழுக்கள் அமைக்க வேண்டும் என்றும் விதிக்கப்பட்டது. காலாப்பட்டுப் பகுதியை உள்ளடக்கிய உழவர்கரை நகராட்சியின் மக்கள்தொகை 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 3 லட்சத்தைச் சற்றே தாண்டியது என்பது ஈண்டு நினைவிற் கொள்ளத்தக்கது.

சட்டம் இருந்தும் நடைமுறை பின்தங்கியது. புதுவையில் 1968க்குப் பின் 38 ஆண்டுகள் கழித்து, 2006இல்தான் உள்ளாட்சித் தேர்தல் நடைபெற்றது. அவ்வாறு தேர்ந்தெடுக்கப்பட்டோரின் பதவிக்காலம் 2011இல் முடிவுற்றது. அதன்பின் பல ஆண்டுகள் தேர்தல் நடைபெறவில்லை. வார்டு உறுப்பினர் இல்லாத காலத்தில், தெருவின் குறையை மன்றத்தில் எடுத்துரைப்பார் எவருமில்லை. ஆகவே, அத்தகைய காலத்தில் பொதுமக்கள் நேரில் எழுதித் தரும் கருத்துக்கு இருமடங்கு மதிப்பு உண்டு. வாய் இல்லாத வீட்டில் கைதான் பேச வேண்டும்.

3. கேளாமல் கட்டியதன் பயன்

1952 அக்டோபர் 2ஆம் நாள் நம் நாட்டில் சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கப்பெற்றது. சாலை, கிணறு, பள்ளி எனப் பல பணிகள் நடந்தன. அதனை ஆராய்ந்த பல்வந்தராய் மேத்தா குழுவினர் 1957இல் அறிக்கை அளித்தனர். மக்களின் சொந்த முயற்சியைத் தூண்ட அத்திட்டம் தவறியது என்பது அவர்கள் கண்ட முடிவு. தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளூர் மன்றங்களிடம் பொறுப்பை அளித்தாலன்றி நிலை மாறாது என்று அவர்கள் பரிந்துரைத்தனர்.

இதனை நம் தொழிலில் பொருத்திப் பார்ப்போம். நெசவாளனுக்கு வீடு என்பது உறங்கும் இடம் மட்டுமன்று. அதுவே தொழிற்கூடமும் ஆகும். குழித்தறியில் அமர்வோனின் கால்கள் தரைக்குக் கீழே மிதிகளில் இயங்குகின்றன. மாடி வீட்டில் குழி எங்கே தோண்டுவது? பாவு ஓட்டுவதற்கு நீண்ட தெருவும் பாவடியும் வேண்டும். தெருவைக் குறுக்கி மூலைக்கு மூலை வளைத்துவிட்டால் பாவு எங்கே விரிப்பது? சாலையை ஓரடி உயர்த்திப் போட்டுவிட்டு வடிகாலை மறந்தால், முதல் மழையில் நீர் வீட்டுக்குள் புகுந்து தறிக்குழியில் தேங்கும். பாவும் கெடும், பத்து நாள் கூலியும் போகும். இவற்றையெல்லாம் வரைபடம் வரையும் பொறியாளர் அறிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நேர்மையன்று. அவர் தறியில் அமர்ந்தவர் அல்லர். அறிந்தவன் கூறாதிருந்தால் குற்றம் அறிந்தவனுடையதே.

கூறினால் பயன் உண்டு என்பதற்கும் சான்று உளது. 1985-86ஆம் ஆண்டில் கைத்தறி நெசவாளர்க்கென்று, தொழிற்கூடத்துடன் கூடிய வீடு கட்டும் திட்டம் மத்திய அரசினரால் தொடங்கப்பட்டது. நெசவாளனின் வீட்டில் தறிக்கும் இடம் வேண்டும் என்ற உண்மை அரசு ஏட்டில் ஏறியதன் அடையாளம் அது.

உழவர்க்கும் இவ்வாறே. புதுவையில் ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியுடன் 1999இல் தொடங்கிய ஏரிச் சீரமைப்புத் திட்டத்தில் 84 ஏரிகள் எடுத்துக்கொள்ளப்பட்டன. அதில் ஏரிப் பாசனத்தாரின் சங்கங்கள் அமைக்கப்பெற்றன. எம்மதகைச் சீர்செய்வது, எவ்வாய்க்காலைத் தூர்வாருவது என்பதில் பாசனத்தார்க்கும் பங்கு இருந்தது. மடை எங்கே கசிகிறது என்பதை நீர் பாய்ச்சுவோனே அறிவான்.

4. வீட்டுப் பணம் வரும் முறை

2015 ஜூன் 25ஆம் நாள் தொடங்கிய பிரதம மந்திரி நகர்ப்புற வீட்டு வசதித் திட்டத்தை எடுத்துக்கொள்வோம். அதன் ஒரு பிரிவில், சொந்த மனையில் வீடு கட்டும் நலிந்த பிரிவினர்க்கு வீடு ஒன்றுக்கு 1.5 லட்ச ரூபாய் மத்திய அரசின் உதவியாக வகுக்கப்பட்டது. நலிந்த பிரிவினரின் வீட்டுக்கு 30 சதுர மீட்டர் வரை தரைப்பரப்பு குறிக்கப்பட்டது. அஃதாவது ஏறத்தாழ 320 சதுர அடி. வீடு குடும்பத் தலைவியின் பெயரிலோ கணவன் மனைவி இருவர் பெயரிலோ இருத்தல் வேண்டும் என்பதும் நெறி.

பணம் நேராக வந்துவிடுவதில்லை. முதலில் தேவைக் கணக்கெடுப்பு, அதன்மேல் நகரத்துக்கான செயல்திட்டம், பின் விரிவான திட்ட அறிக்கை, அதன்பின் மாநில அளவிலும் மத்தியிலும் ஒப்புதல், இறுதியில்தான் தவணைகள். ஒவ்வொரு படியிலும் ஒரு கதவு உண்டு. கணக்கெடுப்பில் பெயர் விடுபட்டவர் தவணைக் காலத்தில் வந்து முறையிட்டால் கதவு அடைபட்டிருக்கும். பட்டா இல்லாதவர் சொந்த மனைப் பிரிவில் சேரவே இயலாது. ஆகவே 'எமக்கு வீடு வேண்டும்' என்று எழுதுவதற்கு முன், 'எம் தெருவில் மனைப்பட்டா வழங்கும் பணியை முதலில் முடித்துத் தருக' என்று எழுத வேண்டிய ஊர்கள் பல.

கடலோர ஊருக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை புதுவைக் கடற்கரைச் சிற்றூர்களைத் தாக்கியது. கனகசெட்டிக்குளமும் அக்கரையிலேயே உள்ளது. மறுவாழ்வுப் பணிகளின்போது கடற்கரையெங்கும் ஒரே வினா எழுந்தது: கரையை விட்டு விலகிக் குடியேறுவதா, கரையிலேயே இருப்பதா? விலகினால் உயிருக்குக் காப்பு. ஆயின் வலையும் படகும் கண்ணுக்கு எட்டாத தொலைவில் கிடக்கும். இருந்தால் தொழிலுக்கு வசதி. ஆயின் கடலோர ஒழுங்குமுறை விதிகளின்படி அங்குக் கட்டடம் எழுப்பத் தடைகள் உண்டு. இவ்வினாவுக்கு அலுவலகத்தில் அமர்ந்து விடை எழுத முடியாது. அங்கு வாழ்வோரைக் கேட்டே முடிவு செய்தல் வேண்டும்.

5. பிற நாட்டார் செய்வது

அமெரிக்க ஐக்கிய நாட்டில் 1974இல் வீட்டு வசதி, சமுதாய வளர்ச்சிச் சட்டம் இயற்றப்பட்டது. நடுவண் அரசு நகரங்களுக்கு மானியம் அளிக்கிறது. எதற்குச் செலவிடுவது என்பதை நகரமே வகுக்கிறது. அதற்கு ஒரு நிபந்தனை. திட்ட வரைவை வெளியிட்டு, எழுத்து மூலமான கருத்துகளுக்கு 30 நாள் அவகாசம் அளிக்க வேண்டும். ஆண்டுக்குக் குறைந்தது இருமுறை பொதுக்கூட்டம் கூட்டி மக்களைக் கேட்க வேண்டும். வந்த கருத்துகளின் சுருக்கத்தையும், ஏற்காதவற்றை ஏன் ஏற்கவில்லை என்ற காரணத்தையும் திட்டத்துடன் இணைக்க வேண்டும். இக்கடைசி விதியே தலையாயது. மறுப்பதற்கும் காரணம் கூற வேண்டும் என்றால், படிக்காமல் ஒதுக்கிவிட முடியாதன்றோ?

பிரேசில் நாட்டில் போர்த்தோ அலெக்ரே நகரார் 1989இல், நகர நிதியின் ஒரு பகுதியை எப்பணிக்கு ஒதுக்குவது என்று வட்டாரக் கூட்டங்களில் மக்களே முடிவு செய்யும் முறையைத் தொடங்கினர். நம் அண்டையில் கேரளத்தார் 1996இல் மக்கள் திட்ட இயக்கத்தைத் தொடங்கி, மாநிலத் திட்ட நிதியில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் உள்ளாட்சிகளிடம் ஒப்படைத்தனர். அயலூரில் முடிந்தது நம்மூரில் முடியாது என்று கூற நியாயமில்லை.

6. கருத்து எழுதும் முறை

முதலாவது, திட்ட வரைவைப் பெற்றுப் படித்தல். கிடைக்காவிடின் 2005ஆம் ஆண்டின் தகவல் பெறும் உரிமைச் சட்டத்தின்கீழ் விண்ணப்பிக்கலாம். 30 நாளில் விடை தர வேண்டும் என்பது சட்டம். ஆனால் கருத்துக்குரிய கெடு அதற்குள் கடந்துவிடக்கூடும். ஆகவே காலம் தாழ்த்தலாகாது.

இரண்டாவது, அளந்து எழுதுதல். 'வடிகால் சரியில்லை' என்பது புலம்பல். 'இத்தெருவில் இத்தனை வீடுகள்; இத்தனை தறிகள்; மழை பெய்தால் இத்தனை நாள் நீர் நிற்கிறது; நீர் போக வேண்டிய மதகு இவ்விடத்தில் அடைபட்டுள்ளது' என்பது கருத்து.

மூன்றாவது, ஒரு மனுவில் ஒரு கோரிக்கை. பத்தும் கேட்டால் எதுவும் பதியாது.

நான்காவது, மகாசபையிலோ நிர்வாகக் குழுவிலோ தீர்மானமாக நிறைவேற்றி, சங்க முத்திரையுடன் அனுப்புதல். ஒருவர் கையொப்பத்தினும் நூறு அங்கத்தினரின் தீர்மானம் கனமுடையது.

ஐந்தாவது, பெற்றுக்கொண்டமைக்கு ஒப்புகைச் சீட்டு வாங்கிச் சங்கக் கோப்பில் வைத்தல். அடுத்த ஆண்டு 'நீங்கள் கூறவே இல்லையே' என்பார்க்கு அச்சீட்டே விடை.

7. நம்மை நாமே கேட்க வேண்டியது

கருத்துக் கூறுவது கட்டளையிடுவதன்று. நாம் எழுதியதெல்லாம் நடந்துவிடாது, நடக்கவும் கூடாது. நெசவுத் தெருவின் நீரை வடித்து மீனவர் தெருவில் விடுவதாயின் அது நமக்கு வெற்றியன்று. அங்கத்தினர் அல்லாத கூலியாளும், வாடகை வீட்டில் வாழ்வோரும் இவ்வூரினரே. அவர்க்காகவும் பேசுவதே கூட்டுறவு. மேலும், வீட்டில் நாள் முழுதும் இருப்பவர் பெண்மக்கள். குடிநீர் எவ்வேளை வருகிறது, அடுப்புப் புகை எவ்வழி போகிறது என்பதை அவர்களே அறிவர். அவர்களைக் கேளாமல் நாம் எழுதினால், நம்மைக் கேளாமல் திட்டமிடுவோர்க்கும் நமக்கும் வேறுபாடு என்ன?

நம் சங்கத்தில் ஓர் ஆண்டு கணக்குக் கேளாதிருந்தால் அடுத்த ஆண்டு கணக்கே காட்டப்படாது என்று மூத்த அங்கத்தினர் கூறுவதுண்டு. ஊர்ப் பணத்துக்கும் அதுவே நெறி.

படிப்பு வட்டத்தில் ஆராய்வதற்கு:

அ. நம் தெருவில் கடைசியாக நடைபெற்ற அரசுப் பணி எது? அதற்குமுன் நம்மை எவரேனும் கேட்டனரா? கேட்டிருந்தால் நாம் என்ன கூறியிருப்போம்?

ஆ. நம் அங்கத்தினருள் மனைப்பட்டா இல்லாதோர் எத்தனை பேர்? பட்டியல் ஒன்று எழுதுக.

இ. ஒரு தறி அமையும் வீட்டுக்கு எவ்வளவு இடம் வேண்டும்? அளவெடுத்துப் படம் வரைக. அடுத்த மகாசபையில் அப்படத்தை வைத்துத் தீர்மானம் ஒன்று முன்மொழிக.