ஆடிக்காற்றில் டிரஸ் ஏற்றுவோர் கவனத்துக்கு

பாலக்காட்டுக் கணவாயில் காற்று வேகமெடுத்துவிட்டது. மேற்குத் தொடர்ச்சி மலையின் அந்தத் திறப்பு வழியே நுழையும் தென்மேற்குப் பருவக்காற்று பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம், தாராபுரம் வரை வீசி அடிக்கிறது. செங்கோட்டைக் கணவாய் வழியே தென்காசிக்கும், ஆரல்வாய்மொழி வழியே முப்பந்தலுக்கும் இதே காற்றுதான். காற்றாலைக்காரர்களுக்கு இது அறுவடைக் காலம். கோழிப்பண்ணைக்கும் விசைத்தறிக்கும் தேங்காய்க் களத்துக்கும் தூண் நட்டு ஷெட் போட்டுக்கொண்டிருப்பவர்களோ மிகவும் எச்சரிக்கையாக இருக்க வேண்டிய வாரங்கள் இவை.

ஆடியில் புது வேலை தொடங்கப் பலர் தயங்குவார்கள். அதனால் ஆனி முடிவதற்குள் டிரஸ்ஸை மட்டுமாவது மேலே ஏற்றிவிட வேண்டும் என்ற அவசரம் வந்துவிடுகிறது. பர்லினை ஆடி கழிந்து போட்டுக்கொள்ளலாம், பிரேசிங்கை அதற்கும் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். உயிரைக் குடிப்பது இந்தத் தள்ளிப்போடுதல்தான். பிரேசிங் இல்லாத டிரஸ் வரிசையை ஆடிக்காற்றின் முன்னால் நிறுத்திவைப்பதைவிட, அத்தனை டிரஸ்ஸையும் களத்திலேயே படுக்கவைத்திருப்பது எவ்வளவோ மேல்.

காற்று வரும் திசை

கோழி ஷெட்டுக்குள் வெயில் விழாமலிருக்க அதன் நீளவாட்டத்தைக் கிழக்கு மேற்காக வைப்பார்கள். அப்படிக் கட்டும்போது ஒவ்வொரு டிரஸ்ஸும் தெற்கு வடக்காக நிற்கும். ஆடிக்காற்று வருவதோ மேற்கிலிருந்து. வரிசையின் முதல் டிரஸ்ஸிலிருந்து கடைசி டிரஸ் வரை எல்லாவற்றின் முகத்திலும் அது நேராக மோதுகிறது.

டிரஸ்ஸுக்கு வலுவே இல்லாத திசை அதுதான். 30 அடி டிரஸ் தன் தலைமேல் வரும் கூரையின் பாரத்தை அசராமல் தாங்கும். பக்கவாட்டில் சாயாமல் நிற்க மட்டும் அதற்குள் எந்த ஏற்பாடும் கிடையாது. அந்தப் பிடிமானத்தைக் கொடுப்பவை பர்லினும் குறுக்குப் பிரேசிங்கும்தான். பர்லின் மட்டும் இருந்து குறுக்குப் பிரேசிங் இல்லாவிட்டால், சைக்கிள் ஸ்டாண்டில் ஒரு வண்டி சாய்ந்ததும் வரிசையே சாய்வதுபோல மொத்தமும் ஒரே திசையில் படுத்துவிடும். எல்லா டிரஸ்ஸையும் ஒன்றோடொன்று கோத்துவைத்த பர்லின், விழும்போதும் எல்லாவற்றையும் சேர்த்தே இழுத்துக்கொண்டு போகும்.

பெரிய கம்பெனிகள் கட்டும் இடத்திலும் இந்தத் தவறு நடந்திருக்கிறது. 2024 ஜனவரி 31 அன்று அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில், பாய்சி விமான நிலையத்தை ஒட்டிக் கட்டிக்கொண்டிருந்த இரும்பு ஹேங்கர் சரிந்து 3 பேர் இறந்தார்கள், 9 பேர் காயமடைந்தார்கள். போதுமான பிரேசிங்கும், இறுக்கிக் கட்டிய இழுவைக் கம்பிகளும் இல்லாமலே சட்டங்களை எழுப்பத் தொடங்கியிருந்தார்கள் என்று அந்நாட்டுத் தொழிலிடப் பாதுகாப்புத் துறை விசாரணையில் கண்டறிந்தது. உத்தரங்கள் வளைந்ததும் கம்பிவடங்கள் முறுக்குப் பிரிந்து அறுந்ததும் கண்ணுக்குத் தெரிந்தே இருந்தன. அவற்றைப் பொருட்படுத்தவில்லை என்றும் அது சொன்னது.

எப்போது ஏற்றலாம்

இந்த மாதங்களில் பொழுது ஏற ஏறக் காற்றும் ஏறும். டிரஸ் தூக்கும் வேலையை விடிந்ததும் தொடங்கி, காலை 10 மணிக்குள் முடித்துக்கொள்வது நல்லது. வானிலைத் துறையின் ‘மேகதூத்’ செயலியில் அடுத்த 5 நாட்களுக்கான காற்றின் வேகமும் திசையும் மாவட்டவாரியாகக் கிடைக்கும். ஹைட்ரா கிரேனுக்கு வாடகை பேசுவதற்கு முன்பே அதைப் பார்த்துவிட வேண்டும்.

வேலையிடத்தில் காற்றை அளக்கும் கருவி இல்லையென்றால் மரத்தைப் பார்த்தாலே போதும். இலையும் சிறு குச்சிகளும் மட்டும் ஓயாமல் அசைந்தால் காற்று மணிக்கு 12 முதல் 19 கி.மீ.; வேலை செய்யலாம். புழுதியும் காகிதமும் எழும்பிச் சிறு கிளைகள் ஆடினால் 20 முதல் 28 கி.மீ.; கையிலிருக்கும் டிரஸ்ஸை இறுக்கிக் கட்டிவிட்டு அடுத்ததைத் தூக்காமல் நிறுத்த வேண்டும். சிறு மரமே ஆடத் தொடங்கினால் காற்று 29 கி.மீ.யைத் தாண்டிவிட்டது, அப்போது யாரும் மேலே இருக்கக் கூடாது.

இதில் தயவுதாட்சண்யம் பார்க்க முடியாது, ஏனென்றால் வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்காகிறது. 10 அடி நீளமும் மூன்றரை அடி அகலமும் உள்ள ஒரு ஷீட்டை மணிக்கு 36 கி.மீ. காற்று சுமார் 20 கிலோ விசையோடு தள்ளும். திடீரென்று 72 கி.மீ. வேகத்தில் ஒரு வீச்சு வந்தால் அது 80 கிலோ. கூரைமேல் நின்று ஷீட்டைப் பிடித்திருப்பவரின் எடையே அதைவிடக் குறைவாக இருக்கலாம்.

தூணிலிருந்து தொடங்க வேண்டும்

குழியில் கான்கிரீட் போட்டு 7 நாளாவது ஆகாத தூணின்மேல் டிரஸ்ஸை வைக்கக் கூடாது. முழு வலு வர 28 நாளாகும். பேஸ் பிளேட் வைத்த தூணாக இருந்தால் ஒவ்வொன்றுக்கும் குறைந்தது 4 ஆங்கர் போல்ட் வேண்டும். அமெரிக்க எஃகுக் கட்டுமான விதியும் இதைத்தான் கேட்கிறது. டிரஸ் வருவதற்கு முன்பே நட் அத்தனையும் முறுக்கப்பட்டிருக்க வேண்டும். தூக்குக்குண்டு பிடித்து இரண்டு பக்கமும் தூண் நேராக நிற்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். மழை பெய்து மண் இளகியிருந்தால் ஹைட்ராவின் சக்கரத்தடியில் கெட்டியான பலகை போட வேண்டும்.

மின்கம்பி பக்கத்தில் போனால், தூக்குவதற்கு முன்பே மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் சொல்லி லைனை நிறுத்தச் சொல்ல வேண்டும். தோட்டத்துக்குப் போகும் கம்பிகள் பல இடங்களில் தொய்ந்து கிடக்கின்றன. அந்தரத்தில் திரும்பும் 30 அடி இரும்பு அதைத் தொட ஒரு நொடி போதும்.

முதல் இரண்டு டிரஸ்

ஷெட் முழுவதும் நிற்பதும் விழுவதும் இங்கேதான் தீர்மானமாகிறது. ஆகவே அதிக நேரம் செலவிட வேண்டியதும் இங்கேதான்.

டிரஸ்ஸின் மேல்சட்டத்தில், குறுக்குச் சட்டங்கள் வந்து சேரும் இரண்டு மூட்டுகளில் பெல்ட்டை மாட்டித் தூக்க வேண்டும். உச்சியில் ஒரே இடத்தில் மாட்டினால் நீளமான டிரஸ் தூக்கும்போதே நெளிந்துவிடும். இரு முனைகளிலும் கயிறு கட்டித் தரையிலிருந்து ஆளுக்கொன்றாகப் பிடித்தால் டிரஸ் காற்றில் சுழலாது.

தூண்மேல் உட்கார்ந்ததும் முதல் டிரஸ்ஸை மேற்கே இரண்டு, கிழக்கே இரண்டு எனக் கம்பிவடங்களால் தரையோடு இழுத்துக் கட்டி, டர்ன்பக்கிளால் முறுக்க வேண்டும். நைலான் கயிறு காற்றில் நீண்டு தொய்ந்துவிடும், அது வேண்டாம். வடம் தரையோடு 45 டிகிரிக்கு மேல் செங்குத்தாக நிற்காமல் சாய்ந்திருக்க வேண்டும். ஈர மண்ணில் அடித்த கடப்பாரையில் வடத்தைக் கட்டினால் உருவிக்கொண்டு வந்துவிடும். கான்கிரீட் கட்டையில் பதித்த கொக்கியில்தான் கட்ட வேண்டும்.

இரண்டாவது டிரஸ் ஏறியதும் முகட்டிலும் இரு ஓரங்களிலும் நடுவிலும் பர்லினைப் போல்ட் போட்டு முறுக்க வேண்டும். வெல்டிங் என்றால் முழு வெல்டிங். டேக் மட்டும் வைத்துவிட்டு அடுத்ததற்குப் போகக் கூடாது. பிறகு இந்த இரண்டு டிரஸ்ஸுக்கும் இடைப்பட்ட அங்கணத்தில், கூரையின் இரு சரிவிலும், பக்கத்துத் தூண்களுக்கு நடுவிலும் பெருக்கல் குறி வடிவில் குறுக்குப் பிரேசிங் போட வேண்டும். இவ்வளவும் முடிந்த பிறகே ஹைட்ராவின் கொக்கியைக் கழற்றலாம். இப்போது நிற்பது அசையாத ஒரு கூடு. மற்ற டிரஸ்கள் ஒவ்வொன்றாக இதைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கப் போகின்றன. மறு கோடியிலுள்ள அங்கணத்திலும், நடுவில் வரைபடம் சொல்லும் இடங்களிலும் இதே பிரேசிங் வர வேண்டும்.

பல ஷெட்டுகளில் விட்டுப்போவது கீழ்ச்சட்டத்தை நீளவாக்கில் இணைக்கும் ஆங்கிள். கோழி ஷெட்டின் பக்கங்களில் கம்பிவலை மட்டுமே இருப்பதால் காற்று உள்ளே புகுந்து கூரையை மேலே தள்ளுகிறது. அப்போது விசை தலைகீழாகி, வழக்கமாக இழுபட்டு நிற்கும் கீழ்ச்சட்டம் அமுக்கத்துக்கு உள்ளாகிறது. மெல்லிய சட்டம் அதைத் தாங்காமல் பக்கவாட்டில் வளையும். ஷீட் ஏறுவதற்கு முன்பே இந்த இணைப்பு வந்துவிட வேண்டும்.

மேலே ஏறும் ஆள்

சேஃப்டி பெல்ட் கட்டாயம். இடுப்பு வார் போதாது, தோளையும் தொடையையும் பிடிக்கும் முழு பெல்ட் வேண்டும். அதை மாட்டும் இடம் அதைவிட முக்கியம். பிரேசிங் போடாத டிரஸ்ஸில் மாட்டினால், டிரஸ் விழும்போது ஆளையும் சேர்த்து இழுத்துவிடும். முதல் இரண்டு டிரஸ்ஸுக்கும் சாரம் கட்டி, அதன்மேல் நின்றே போல்ட் முறுக்க வேண்டும். தொழிலாளர்கள் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்திருக்கிறார்களா, பதிவு புதுப்பிக்கப்பட்டிருக்கிறதா என்று மேஸ்திரி வேலை தொடங்கும் முன்பே பார்த்துவிடலாம்.

ஷீட் போடும்போது கிழக்குக் கோடியில் தொடங்கி மேற்கு நோக்கி வர வேண்டும். அப்போதுதான் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் விளிம்பு காற்றுக்கு முதுகு காட்டி நிற்கும். எதிர்த் திசையில் போட்டால் ஒவ்வொரு விளிம்புக்குள்ளும் காற்று புகுந்து கிளப்பும். மாலையில் இறங்கும்போது திருகாத ஷீட் ஒன்றுகூடக் கூரைமேல் இருக்கக் கூடாது.

ஏற்கெனவே பாதியில் நிற்கும் ஷெட்டுகள்

பிரேசிங் இல்லாமல் டிரஸ் வரிசை நின்றுகொண்டிருந்தால் புது டிரஸ் எதையும் ஏற்றாமல் நாளை விடிந்ததும் பிரேசிங் வேலையைத்தான் தொடங்க வேண்டும். முதலில் இரு கோடி டிரஸ்களையும் தரையிலிருந்தே எட்டும் வகையில் வடத்தால் இழுத்துக் கட்டி, பிறகு கோடி அங்கணங்களுக்குக் குறுக்குப் பிரேசிங் போட வேண்டும். ஏதாவது ஒரு டிரஸ் சாய்ந்தோ வளைந்தோ தெரிந்தால் யாரும் ஏறக் கூடாது. கட்டுமானப் பொறியாளர் வந்து பார்க்கும்வரை கிரேன் பிடித்து நிற்கட்டும்.

வெளியூரிலிருந்து வந்த தொழிலாளர்கள் பலர் இரவில் அந்த ஷெட்டுக்கு அடியிலேயே பாய் விரித்துப் படுக்கிறார்கள். பிரேசிங் முடியும்வரை அவர்களுக்கு வேறு இடம் ஏற்பாடு செய்வது பண்ணைக்காரரின் பொறுப்பு. படுக்கும் இடம் ஷெட்டிலிருந்து குறைந்தது அதன் உயரத்தைப்போல் இரண்டு மடங்கு தள்ளி இருக்க வேண்டும். டிரஸ் சாயக்கூடிய கிழக்குப் பக்கத்தில் கண்டிப்பாக இருக்கக் கூடாது.