ஊறுகாய் பாட்டிலுக்குப் பகை எது?

பொத்தேரியில் கல்லூரி விடுதி மாணவர்களை நம்பிக் கடை நடத்தும் நமக்கு ஊறுகாயும் வினிகரும் தவறாமல் விலைபோகும் சரக்குகள். புளிப்பு கண்ணாடியை அரித்துவிடாதா என்ற ஐயம் நமக்கு எழுவது இயல்பே. விடை தெரிந்தால் வீண் நட்டத்தைத் தவிர்க்கலாம்.

சாதாரண பாட்டில் கண்ணாடியில் நூற்றுக்குச் சுமார் 72 பங்கு மணலின் சாரமான சிலிகா, 14 பங்கு சோடா, 10 பங்கு சுண்ணாம்பு உண்டு. மணலையும் சோடாவையும் மட்டும் உருக்கினால் கிடைப்பது நீரில் கரைந்துவிடும். கண்ணாடிக்கு உறுதி தருவது சுண்ணாம்பே. ஸ்ரீபெரும்புதூரில் 2000-ம் ஆண்டு தொடங்கிய செயின்ட் கோபைன் ஆலையின் ஜன்னல் கண்ணாடியும் இதே இனம்தான்.

அமிலம் பட்டதும் கண்ணாடியின் மேற்பரப்பிலிருந்து சிறிது சோடியம் வெளியேறுகிறது. மிஞ்சும் சிலிகாப் படலம் கவசமாகி, மேலும் அரிக்காமல் தடுக்கிறது. எனவே எலுமிச்சை, புளி, வினிகர் எதற்கும் பாட்டில் அஞ்ச வேண்டியதில்லை. விதிவிலக்கு ஹைட்ரோஃபுளோரிக் அமிலம். கண்ணாடியில் பூவேலை பொறிக்க உதவும் அது சிலிகாவையே கரைத்துவிடும்.

உண்மையான பகை காரம். மிளகாய்க் காரம் அல்ல. காஸ்டிக் சோடா, சலவைச் சோடா போன்றவை. இவை சிலிகாவின் பின்னலையே அறுப்பதால் கவசம் உருவாக வழியில்லை.

ஈரமும் இவ்வழியில்தான் கெடுக்கிறது. மாமல்லபுரம் போன்ற கடலோர ஊர்களின் கிடங்குகளில் காலி பாட்டில்மேல் படியும் ஈரம் சோடியத்தை இழுத்துக் காரமாக மாறுகிறது. அங்கேயே தங்கினால் கண்ணாடியில் வெண்பூச்சு பூக்கும்.

நாம் கவனிக்க வேண்டியவை:

1. காலி பாட்டில்களைத் தரையில் வைக்காமல் பலகைமேல், காற்றோட்டமாக அடுக்குக. நனைந்த அட்டைப் பெட்டியை உடனே மாற்றுக.

2. பூச்சு தொடக்கத்திலேயே தெரிந்தால் நீர் கலந்த வினிகரால் துடைத்து, நல்ல நீரில் கழுவி, உலர்த்துக. முற்றினால் போகாது.

3. பாட்டில்களைச் சலவைச் சோடா நீரில் இரவெல்லாம் ஊறவிட வேண்டாம். கழுவியதும் நன்கு அலசுக.

4. காஸ்டிக் சோடாக் கரைசலைக் கண்ணாடியில் நாள்கணக்கில் வைக்க வேண்டாம். தகுந்த பிளாஸ்டிக் கலனே ஏற்றது.

5. தகர மூடியின் உட்பூச்சு கீறியிருந்தால் உப்பும் புளிப்பும் சேர்ந்து துருவேற்றும். கொள்முதலின்போதே மூடியைப் பார்த்து, பழுதானதைத் திருப்பி அனுப்புக.

ஊறுகாய் கெட்டதென்று வாடிக்கையாளர் வந்தால் பாட்டிலைக் குறை சொல்லுமுன் மூடியைத் திறந்து பார்ப்போம்.