இரவல் வேகம்

விரைவை விரும்புதல் இளமையின் இயல்பு. கன்று துள்ளுவதும் சிறுவர் ஓடுவதும் ஒரே ஊக்கத்தின் விளைவுகள். ஆயின், விரைந்து செல்ல விரும்புபவன் முதற்கண் கற்க வேண்டியது நிற்கும் வகையாகும். இவ்வுண்மையை மறந்தார்க்கு நேரும் இடரைச் சக்கரக் காலணி, சறுக்குப் பலகை ஆகியவற்றின் வரலாறு நன்கு விளக்கும்.

1760 இல் இலண்டன் மாநகருக்கு வந்து குடியேறியவர் ஜான் ஜோசப் மெர்லின் என்னும் கைவினைஞர். அவர் ஒரு விருந்து மண்டபத்தில், தாம் செய்த சக்கரக் காலணிகளை அணிந்து, வயலின் வாசித்தவாறே உருண்டு வந்தார் என்றும், நிற்கவும் திரும்பவும் வகையறியாது நிலைக்கண்ணாடியொன்றில் மோதினார் என்றும், கண்ணாடியும் வயலினும் நொறுங்க, அவரும் காயமுற்றார் என்றும் ஒரு கதை வழங்குகிறது. பின்னர், 1863 இல், அமெரிக்க நாட்டு ஜேம்ஸ் பிளிம்ப்டன் என்பார், உடல் சாயும் பக்கம் திரும்பும் காலணியை அமைத்தார்.

கலிபோர்னியாக் கடற்கரையில் அலைமேல் பலகை ஊர்ந்து விளையாடிய இளைஞர், 1950 ஆம் ஆண்டுகளில், அவ்வின்பத்தைத் தரையிலும் பெற விழைந்தனர். மரப்பலகையின் அடியில் சக்கரங்களைப் பொருத்தி, ஒரு காலால் தரையை உந்திச் சென்றனர். இதுவே சறுக்குப் பலகை. 1970 ஆம் ஆண்டுகளில் பாலியூரித்தேன் என்னும் செயற்கைப் பொருளாலான சக்கரங்கள் வந்தபின் இவ்விளையாட்டு விரைந்து பரவியது. 2021 இல் டோக்கியோவில் நடைபெற்ற ஒலிம்பிக் போட்டியில் முதன்முறையாக இடமும் பெற்றது. பயிற்சியும் துணிவும் வேண்டும் இவ்விளையாட்டு இகழ்தற்குரியது அன்று.

ஆயின், அமெரிக்க நகரங்களில் இளைஞர் சிலர் தம் காலால் உந்திப் பெறும் வேகம் போதாதென்று, ஓடும் மோட்டார் வண்டியின் பின்புறத்தைக் கையாற் பற்றிக்கொண்டு செல்லத் தலைப்பட்டனர். 1985 இல் வெளிவந்த ‘பேக் டு த ஃபியூச்சர்’ என்னும் திரைப்படத்தில் கதைத் தலைவன் இங்ஙனம் பள்ளிக்குச் செல்லும் காட்சி உலகெங்கும் பெயர்பெற்றது. திரைப்படத்தில் வண்டி எப்போது விரையும், எப்போது நிற்கும் என்பன முன்னரே வகுக்கப்பட்டிருக்கும். தெருவிலோ அத்தகைய உடன்பாடு யாதும் இல்லை.

வண்டியைப் பற்றியவன் பெறுவது இரவல் வேகம். இரவற் பொருளையேனும் உடையவனைக் கேட்டுப் பெறுவர்; இவ்வேகமோ பெரும்பாலும் கேளாது கொண்டது. இரவற் பொருளைத் திருப்பித் தரும் நாளைப் பெற்றவன் அறிவான். இவ்வேகத்தைத் திருப்பித் தரும் கணத்தை அவன் அறியான். அதனை முடிவு செய்வது வண்டியோட்டியின் கால். அக்கால் பிரேக்கை மிதித்த அளவில் வண்டி நிற்கும். பிரேக்கில்லாத பலகையோ நில்லாது சென்று வண்டியின்மேல் மோதும்.

வேகம் இருமடங்கானால் மோதலின் ஆற்றல் நான்மடங்காகும். மும்மடங்கானால் ஒன்பது மடங்காகும். மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் சுவரில் மோதுவது, ஒரு மீட்டருக்குச் சற்றுக் குறைந்த உயரத்தினின்று விழுவதை ஒக்கும். 45 கிலோமீட்டர் வேகத்தில் மோதுவதோ, ஏறத்தாழ 8 மீட்டர் உயரத்தினின்று விழுவதை ஒக்கும். முன்னது உந்திச் செல்பவனின் வேகம். பின்னது நகரத் தெருவில் செல்லும் வண்டியின் வேகம். மாடியினின்று குதிக்க அஞ்சும் சிறுவன், வண்டியின் பின்புறத்தைப் பற்ற அஞ்சாமைக்குக் காரணம், உயரம் கண்ணுக்குப் புலனாவதும் வேகம் அங்ஙனம் புலனாகாமையுமே.

இடர் இன்னும் உண்டு. வண்டி முன்னே மறைத்து நிற்பதால், பற்றியவன் சாலையிலுள்ள கல்லையும் குழியையும் காணான். பலகையின் சிறு சக்கரத்தைத் தடுத்து நிறுத்த ஒரு சிறு கல் போதும். வேகம் மிகின் பலகை இருபுறமும் ஆடத் தொடங்கும். கையை விட்டு விழுந்தாலோ, பின்னால் வரும் வண்டி நிற்றற்குப் போதிய இடம் இராது. ஒருவன் இடரைக் கண்டு காலை அசைப்பதற்குள் ஒரு நொடி கழியும். அந்த ஒரு நொடியில் 45 கிலோமீட்டர் வேக வண்டி 12 மீட்டருக்கு மேல் ஓடிவிடும்.

இதனாலேயே கலிபோர்னிய மாநில வாகனச் சட்டத்தின் 21203 ஆம் பிரிவு, மிதிவண்டியிலோ சக்கரக் காலணியிலோ விளையாட்டு வண்டியிலோ செல்பவர், சாலையில் ஓடும் வண்டியைப் பற்றிச் செல்லலாகாது என விதிக்கிறது. சறுக்குப் பலகை அரிதாயுள்ள ஊரிலும் இத்தீங்கு அரிதன்று. தமிழ்நாட்டுச் சாலைகளில் மிதிவண்டியில் செல்லும் சிறுவர் சிலர் லாரியின் பின்புறத்தைப் பற்றிச் செல்வதும் இதுவே. கருவி வேறு, இடர் ஒன்று.

இச்செயலால் துன்புறுவோன் விழுந்தவன் மட்டும் அல்லன். தன் வண்டியின் பின்னே ஒருவன் தொங்கி வந்ததையே அறியாத ஓட்டி, தான் செய்யாத பிழைக்கு வாழ்நாளெல்லாம் நெஞ்சு வருந்துவான். பிறன் வேகத்தைக் கேளாது கொண்டவன், தன் துன்பத்தையும் அவன்மேற் சுமத்திவிடுகிறான்.

தன் காலால் உந்திப் பெற்ற வேகம் சிறிதாயினும், அதனை அடக்கும் ஆற்றல் தன்னிடமே உள்ளது. நிற்க வேண்டிய இடத்தில் நிற்க வல்லவனே விரைந்து செல்லத் தக்கவன்.